காரமில்லாத படையல்

பாலம் மூடிக் கிடந்த காலத்தில் நடந்தது இது. ஜொகூரில் எங்களுக்குப் பாலம் என்றால் ஒன்றுதான், சிங்கப்பூருக்குப் போகிற பாலம். கோவிட் வந்து அதை மூடியபோது ஸ்துலாங் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். இப்போதும் அதே வீடுதான். கதவைத் திறந்து வெளிநடையில் நின்றால் கடல் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் கட்டடங்கள் தெரியும். அங்கே ஜன்னலில் காயும் சட்டையின் நிறம்கூடத் தனக்குத் தெரிகிறது என்று என் மாமனார் அடித்துவிடுவார்.

வீட்டில் கணவர், மாமனார், நான், அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் மாமாவே பிள்ளை மாதிரி அடம்பிடித்துக்கொண்டிருந்தார். கோத்தா திங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பழ லாரி ஓட்டியவர். மாமியார் காலமான பிறகு எங்களோடு வந்து சேர்ந்தார். கேலி பேசாமல் அவருக்குப் பொழுது போகாது. குழம்பில் காரம் குறைந்தால் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் எழுந்து போய் சம்பல் எடுத்து வரும் வரை அந்தப் போராட்டம் நடக்கும்.

என் கணவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். பொழுது விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பினால், பாலத்து நெரிசலில் நின்று நின்று வீடு வந்து சேரும்போது கண் பாதி மூடியிருக்கும். நானும் மாமாவும் அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்போம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் இவரும் சேர்ந்து உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

பாலத்தை மூடப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், அந்தப் பக்கம் வந்து தங்குகிறவர்களுக்கு வேலை நிலைக்கும் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். இவர் ஒரு பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு, "ரெண்டு வாரந்தான்லா, போய்ட்டு வந்துடுறேன்" என்றார். நானும் நம்பி, போய்விட்டு வாருங்கள் என்று சிரித்த முகமாக அனுப்பி வைத்தேன். அந்த ரெண்டு வாரம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷமாக நீண்டது.

அங்கே ஒரு சீன ஆன்டி வீட்டில் அறை ஒன்று கிடைத்தது. புருஷனை இழந்தவர், தனியாக இருக்கிறவர். வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். அவர் போட்ட ஒரே நிபந்தனை, லைட் குக்கிங். சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கிய நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், இந்த வார்த்தையைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். தண்ணீர் கொதிக்க வைக்கலாம், முட்டை பொரிக்கலாம், நூடுல்ஸ் மாதிரி மீ அவிக்கலாம். தாளிக்கக் கூடாது, மிளகாய் வதக்கக் கூடாது, கறி வைக்கவே கூடாது. கருவாட்டை மனசில் நினைத்தால்கூட ஆன்டிக்கு வாடை தெரிந்துவிடும் என்பார் இவர்.

முதல் சில வாரங்களை ரொட்டியிலும் முட்டையிலும் ஓட்டினார். போனில் முகத்தைப் பார்க்கும்போதே கன்னம் ஒட்டிப்போனது தெரிந்தது. பிறகு ஒரு சாயங்காலம் முகமெல்லாம் பல்லாகத் திரையில் வந்தார்.

"இன்னைக்கு மீன் பொரிச்சேன்."

"ஆன்டி ஒன்னும் சொல்லலியா?"

"தூளே போடலியே, என்ன சொல்லப் போறாங்க?"

இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். தோலோடு இருக்கும் சியாக்காப், அதாவது கொடுவா மீன் துண்டு. அதைத் தாளால் ஒற்றி ஒற்றி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். உப்பும் மிளகும் மட்டும். தட்டைச் சட்டியை நன்றாகக் காயவைத்து, கொஞ்சமாய் எண்ணெய் விட்டு, தோல் பக்கத்தைக் கீழே வைத்து லேசாக அழுத்திவிட்டு, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தோல் மொறுமொறுப்பானதும் சட்டியை அதுவே விட்டுவிடும். அப்போதுதான் திருப்ப வேண்டும். மீனை எடுத்த சட்டியிலேயே வெண்ணெய், நசுக்கிய பூண்டு, கொஞ்சம் கிச்சாப் என்கிற சோயா சாஸ், கடைசியில் எலுமிச்சைச் சாறு. அதுதான் சாஸ். பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். பீன்ஸைக் கடித்தால் நறுக்கென்று சத்தம் வர வேண்டுமாம்.

எனக்குக் கேட்கவே சப்பென்று இருந்தது. ஆனாலும் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே சமையல் செய்து, போனை முன்னால் வைத்துக்கொண்டு ஒன்றாகச் சாப்பிட வேண்டும். தினமும் மீன் இல்லை, ஆனால் தினமும் லைட் குக்கிங்தான். அவர் என்ன சாப்பிடுகிறாரோ அதுதான் எனக்கும்.

முதல்நாள் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். மீனைத் துடைத்தாயிற்று, உப்புப் போட்டாயிற்று. அதற்கு மேல் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவாத மீனை அடுப்பில் போட நம் கைக்கு எங்கே தெரியும்? ஒரு சிட்டிகை தானே என்று தடவிவிட்டேன். சட்டியோ அனலாகக் காய்ந்திருந்தது, எண்ணெயோ கொஞ்சம். போட்ட நிமிஷமே தூள் கருகி, வீடு முழுக்கப் புகை. இருமி இருமி எனக்குக் கண் பிதுங்கியது. மாமா துண்டால் மூக்கை மூடிக்கொண்டு ஓடிவந்தார்.

"அலமாக்! மீனப் பொரிக்கிறியா, வீட்டக் கொளுத்துறியா?"

போனில் இவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி வழுக்கிவிட்டது. மறுமுறை தூளைத் தொடவில்லை, ஆனால் பொறுமை இல்லாமல் சீக்கிரம் திருப்பி, தோல் முழுக்கச் சட்டியில் ஒட்டிக்கொண்டது. "தொடாதம்மா, தொடாத, அதுவா விடும்" என்று இவர் அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தார். அதற்கடுத்த முறைதான் மீன் மீனாக வந்தது. சாப்பிட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. ஆனால் மாமாவிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

மாமா அந்த மீனைத் தொடவே மாட்டார். அவருக்குத் தனியாகக் குழம்பும் சம்பலும். ஆனால் நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரைக்குள் தலையை நீட்டுவார். தினமும் அதே பேச்சுதான்.

"சாப்புட்டியாடா? என்ன சாப்புட்ட?"

"மீன்பா."

"எப்படி வச்ச?"

"வெண்ணெயில பொரிச்சு, சாஸ் ஊத்தி..."

"வெண்ணெயிலயா? ஏன்டா, ஆஸ்பத்திரில படுத்திருக்கியா?"

இவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அழைப்பு முடிந்ததும் மாமா வெளிநடைக்குப் போய் அந்தப் பக்கத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பார். ஒருநாள் தண்ணீர் கொடுக்கப் போனபோது, குரலைத் தணித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஏம்மா, அவன் நெசமாவே சாப்புடுறானா? இல்ல நம்ம பயந்துடுவோம்னு போன்ல காட்டத் தட்டு வக்கிறானா?"

அப்போதுதான் அந்த மனுஷனின் கேலிக்குள் இருந்த பயம் எனக்குத் தெரிந்தது. சாப்பிடுகிறார் மாமா, நான் கண்ணால் பார்க்கிறேனே என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பாலம் மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த ஒரு காலைப்பொழுதில், கையில் தேநீர்க் கோப்பையோடு நாற்காலியில் இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இவருக்கு நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. ஒரே மகன். வருவதற்கு அவர் முட்டாத கதவில்லை. அனுமதிக்கு விண்ணப்பம், மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை, அனுமதி கிடைத்தாலும் இந்தப் பக்கம் வந்து தனிமையில் அடைந்து கிடக்க வேண்டும். அதுவரைக்கும் உடலை யார் வைத்திருக்க விடுவார்கள்? மோட்டார் சைக்கிளில் வரும் தூரம்தான். நீந்தத் தெரிந்திருந்தால் நீந்தியே வந்திருப்பார். மாமாவின் தம்பி மகன் கொள்ளி வைத்தார். நான் போனை உயரப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரையில் இவர் முகம் அசையவே இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்துத் திரையைத் தட்டிப் பார்த்தேன், படம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்திவிட்டார். நான் கூப்பிட்டால் எடுப்பார். முன்னால் தட்டு இருக்காது. "கேன்டீன்ல சாப்ட்டேன்" என்பார். அந்தக் காலத்தில் கேன்டீன் பாதி மூடிக் கிடந்தது எனக்குத் தெரியும். அழவும் இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால்கூட நான் நிம்மதியாகியிருப்பேன். பேச்சு குறைந்துகொண்டே போய், பிறகு "ம்" என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. மாமா பயந்தது இப்போது நடந்துகொண்டிருந்தது. பட்டினி கிடந்து, ஒரு அறைக்குள்ளேயே இந்த மனுஷன் எனக்கு இல்லாமல் போய்விடுவாரோ என்று கடலைப் பார்த்து நான் தனியாக அழுதிருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம் படையல் போடுவார்கள். அதுவரைக்கும் வீட்டில் கவிச்சி கிடையாது. அன்றைக்கு இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் பரப்பி, சூடம் காட்டிவிட்டு, எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அவர் வந்து சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்தப் படையலை மகன் கையால் போட வேண்டும்.

கொள்ளிதான் வைக்க முடியவில்லை, படையலாவது நீங்கள் போடுங்கள், அங்கேயே உங்கள் அறையில் போடுங்கள் என்றேன்.

"அப்பாவுக்குக் குழம்புதான் வேணும். இங்க எப்படிம்மா?"

"ஆன்டிகிட்டக் கேளுங்க."

"வேணாம். அவங்க வீடு. ஊதுவத்தி, சூடம்னு... எப்படிப் போய்க் கேக்குறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த கோபத்தை மறைத்து எனக்குப் பழக்கமும் இல்லை. நீங்கள் கேட்காவிட்டால் நான் கேட்கிறேன், போனைக் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் கொடுங்கள் என்று சத்தம் போட்டேன். அந்தச் சத்தம் அங்கே சமையலறை வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. ஆன்டியே அறை வாசலுக்கு வந்து, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டார். இவர் மலாயில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அப்பா இறந்துவிட்டார், அவருக்குச் சாப்பாடு வைக்க வேண்டும்.

ஆன்டி திரையில் எனக்குப் பாதிதான் தெரிந்தார். குட்டை முடி, பூப்போட்ட சட்டை. இவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "பாப்பா சூகா மாக்கான் அப்பா?" என்றார். அப்பாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்கிறார்.

"இக்கான் காரி" என்றார் இவர். மீன் குழம்பு.

"ஓகே. ஒன் டே கேன். காரி கேன் குக். ஐ குளோஸ் மை டோர்."

எத்தனையோ வருஷமாகக் கறி வாடை அண்டாத அந்த வீட்டில், முகம் தெரியாத என் மாமனாருக்காக அந்த அம்மாள் தன் சட்டத்தைத் தளர்த்தினார். தன் புருஷனுக்குத் தானும் சாப்பாடு வைத்துக் கும்பிடுகிறவர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். நான் இந்தப் பக்கம் நின்று தெரிந்த மலாயிலும் ஆங்கிலத்திலும் நன்றி, நன்றி என்று கூவினேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. படையலன்று சீக்கிரமே கூப்பிட்டு, புளி வாங்கியாச்சா, மசாலாத் தூள் எந்தக் கடையில் கிடைக்கும், நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், குழம்பைக் கூட்டிவிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். இவர் சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பையிலிருந்து மீனை எடுத்தார். தோலோடு வெட்டிய சியாக்காப் துண்டு. கூடவே கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. வேறு ஒன்றுமில்லை.

"என்னங்க இது?"

"இதத்தான் செய்யப்போறேன்."

"ஆன்டிதான் குழம்பு வைக்கலாம்னு சொல்லிட்டாங்களே!"

அவர் தாளை எடுத்து மீனைத் துடைக்க ஆரம்பித்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

"குழம்பு நீ அங்க வையி. நீ வச்சாத்தான் அவருக்குப் புடிக்கும். இங்க வந்தா நான் என்ன சாப்புடுறேன்னு அவரு பாக்கட்டும். தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. என் மவன் பட்டினி இல்லன்னு பாத்துட்டுப் போகட்டும்."

எனக்கு அடுப்புத் தெரியவில்லை, போன் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, சட்டி காய்ந்ததா என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு எங்கள் வேலை இடம் மாறியது. அவருக்கு, அவர் சொல்லித் தந்ததையே நான் திருப்பிச் சொன்னேன். இன்னும் ஈரம் இருக்கிறது, துடையுங்கள். தொடாதீர்கள், அதுவா விடும். பீன்ஸை எடுங்கள், குழைந்துவிடும். மீன் சட்டியை விட்டதும் அவர் ஒரே திருப்பாகத் திருப்பினார். தோல் பொன்னிறமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதற்குமுன் அவ்வளவு அழகாக அவருக்கு வந்ததில்லை. வெண்ணெய் உருகி, பூண்டு வதங்கி, எலுமிச்சை பிழிந்தபோது அந்த மணம் எனக்கு இங்கே வருகிற மாதிரியே இருந்தது.

இந்தப் பக்கம் என் அடுப்பில் குழம்பு கொதித்தது. பக்கத்தில் நானும் ஒரு துண்டு மீனை வெண்ணெயில் போட்டேன். கூட்டம் சேரக் கூடாத காலம், அதனால் மாமாவின் தங்கையும் இன்னும் நாலைந்து பேரும் மட்டும் வந்திருந்தார்கள். அத்தை சட்டியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது யாருக்கு? எங்கண்ணன் இதெல்லாம் தொடுமா?"

"உங்க அண்ணன் மவன் அங்க இதத்தான் படைக்கிறாரு அத்த. இங்கயும் இருக்கட்டும்."

 அத்தையே ஒரு தட்டை எடுத்து வந்து, உருளைக்கிழங்கையும் கேரட்டையும் வரிசையாக அடுக்கினார்.

அங்கே இவர் அறையில் ஒரு மேசை மேல் மாமாவின் படத்தை வைத்தார். கடையில் அச்சிட்டது, ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது. வாழையிலைக்குப் பதில் வெள்ளைத் தட்டு. மீன், மேலே சாஸ், பக்கத்தில் காய்கறி, ஒரு கிண்ணம் சோறு. ஆன்டி வாசலில் நின்று பார்த்தார். தட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். "நோ ஸ்பைசி? பாப்பா ஹவ் டு ஈட்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னக் கிண்ணி. கிச்சாப்பில் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்ட சிலி பாடி, அந்த ஊசிமிளகாய். அதை மீன் தட்டுக்குப் பக்கத்தில், மாமாவின் வலது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். ஓர் ஊதுவத்தியை ஏற்றி, மூன்று முறை கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

இவர் சூடம் காட்டினார். இங்கே நாங்களும் காட்டினோம். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினோம்.

நான் போனோடு வெளிநடையில் நின்றேன். பொழுது சாய்ந்து, கடல் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது. இவர் இருந்த கட்டடம் ரொம்ப உள்ளே தள்ளி இருக்கிறது, என் கண்ணுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அத்தனை ஜன்னலையும் தேடினேன். போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அவர் சாத்திய கதவுக்கு வெளியே அங்கே நிற்கிறார், நான் சாத்திய கதவுக்கு வெளியே இங்கே நிற்கிறேன். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒருவர் நிற்கிற மாதிரியும் இருந்தது, இனி பார்க்கவே முடியாத தூரத்தில் நிற்கிற மாதிரியும் இருந்தது. அவரை ஒரே ஒரு தடவை தொட்டால் போதும் என்று அன்றைக்கு ஏங்கியது மாதிரி என் வாழ்நாளில் நான் எதற்கும் ஏங்கியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இவர் கதவைத் தட்டக் கை ஓங்கியிருக்கிறார். ஆன்டி தடுத்துவிட்டார்.

"பெலான் பெலான். ஓல்ட் மேன் ஈட் ஸ்லோ." ஊதுவத்தி முழுதும் எரிந்து முடியட்டும், மெதுவாகச் சாப்பிடட்டும் என்கிறார்.

"ஆன்டி, மை ஃபாதர் லாரி டிரைவர். ஃபைவ் மினிட்ஸ் ஃபினிஷ்."

சொல்லிவிட்டு இவர் சிரித்தார். எத்தனை நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்! நானும் சிரிக்க வாயைத் திறந்தேன், அதற்குள் அங்கே சிரிப்பு உடைந்து அழுகையாகிவிட்டது. சின்னப்பிள்ளை மாதிரி, அப்பா, அப்பா என்று. அதுவரை தேங்கி நின்றதெல்லாம் கொட்டியது. ஆன்டி என்ன செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை, போன் கீழே இறங்கியிருந்தது, தரை மட்டும்தான் தெரிந்தது. "ஓகே, ஓகே லா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது. நான் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஊதுவத்தி முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். மீன் ஆறிப்போய், தோல் நமத்துப் போயிருந்தது. அதைத்தான் அவர் சாப்பிட்டார். பாதியை ஆன்டிக்குக் கொடுத்தார், அந்த அம்மாளும் மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டார். இவர் சிலி பாடியைத் தொட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தட்டில் ஒரு பீன்ஸ்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். நான் இங்கே என் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு வாய் சாப்பிடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைத்தது அன்றைக்குத்தான், பாலம் திறந்தது அதற்கு ரொம்பப் பிறகு.

பாலம் திறந்த அன்றைக்கு அவர் வந்ததையும், வாசலில் நான் நின்ற நிலையையும் எழுத எனக்கு வார்த்தை போதாது. இப்போது பழையபடி விடியும் முன் போகிறார், பாதிக் கண்ணோடு வருகிறார். இதைச் சொன்னால் யாராவது திட்டுவார்கள், ஆனால் சொல்லிவிடுகிறேன். போனை முன்னால் வைத்துக்கொண்டு தினமும் சேர்ந்து சாப்பிட்ட அந்தச் சாயங்காலங்களுக்காகச் சில நாள் நான் ஏங்குகிறேன்.

அவர் வந்த பிறகு மாமாவின் முதல் திதி வந்தது. குழம்பை நான் வைத்தேன், வெண்ணெய் மீனை அவர் செய்தார். இரண்டையும் இலையில் வைத்து, சூடம் காட்டி முடித்ததும் எல்லோரும் வழக்கப்படி வெளியே வந்தோம். அவர் வரவில்லை. இலைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க அத்த. போதும். நான் ரொம்ப நாளு வெளிய நின்னுட்டேன்."

அத்தையின் கை கதவில் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, போ என்று கண்ணைக் காட்டினார். நான் உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு ஒரு தட்டுப் போட்டேன். அப்பாவும் மகனும் எதிரெதிரே இருக்க, இவர் சாப்பிடத் தொடங்கினார்.

இறந்தவர்களுக்கு நாம் வைக்கும் சோறு அவர்களிடம் போய்ச் சேருகிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை வைக்க ஒரு இடம் கிடைக்காமல் தவித்த மனுஷனையும், தன் வீட்டில் அந்த இடத்தைக் கொடுத்த ஓர் அம்மாளையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கரண்டி சோறு வைக்கிற கொடுப்பினை எனக்கு இருக்கிறதே என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுகிறது.